கௌரி அவரை

யோகோஹாமாவில் நாங்கள் இருந்த தெருவில் மாலையானால் எல்லா வீட்டு மேசையிலும் ஒரு கிண்ணம் பச்சைக் காய் இருக்கும். தோலோடு வேகவைத்து உப்புத் தூவியது. எண்பதுகளின் தொடக்கத்தில் சென்னைத் தொழிற்சாலையிலிருந்து என் கணவரை அங்கே மாற்றியிருந்தார்கள். வந்த புதிதில் பக்கத்து வீட்டு சாத்தோ அம்மாள் அப்படி ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, "மாமே, மாமே" என்றார். எங்கள் ஊரில் மாமனைக் கூப்பிடுகிற மாதிரியே இருந்தது. என் வீட்டுக்காரரைத்தான் தேடுகிறார் என்று உள்ளே ஓடி அவரை எழுப்பி அழைத்து வந்தேன். கைலியோடு வந்து நின்றவரைப் பார்த்து அந்த அம்மாள் திகைத்து, அவர் கையிலும் ஒரு காயைக் கொடுத்தார். நான் தோலையும் சேர்த்து மென்றேன். மாமே என்றால் பயறு, அது முற்றாத சோயா, எடமாமே என்று பெயர், பிதுக்கிப் பயற்றை மட்டும் தின்ன வேண்டும் என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது.

அங்கே அது விசேஷப் பண்டம் இல்லை. பள்ளிப் பிள்ளைகள், வேலை முடிந்து வருகிறவர்கள், வயதானவர்கள் எல்லோருக்கும் அன்றாடத் தீனி, உடம்புக்கு நல்ல பலம். அந்தச் சமயத்தில்தான் உத்திரமேரூர் பக்கத்து எங்கள் கிராமத்தில் அம்மா டைபாய்டில் படுத்து, காய்ச்சல் விட்டபிறகும் எழுந்து நடக்க முடியாமல் கிடக்கிறாள் என்று தகவல் வந்தது. அப்பா போனபிறகு முட்டையைக்கூட விட்டுவிட்டவள் அவள். எங்களுக்கு லீவு கிடைக்கவில்லை. சாத்தோ அம்மாளிடம் விதை கேட்டு வாங்கி, சென்னைக்குக் கிளம்பிய ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன். விதைத்து, பச்சையாக இருக்கும்போதே பறித்து வேகவைத்து, தினமும் அம்மாவுக்குக் கொடுக்கச் சொல்லி அண்ணன் மனைவி கௌரிக்குச் சொல்லிவிட்டேன்.

அடுத்த வருஷம் லீவில் ஊருக்குப் போனபோது அம்மா வாசல்வரை நடந்து வந்தாள். எதிர்வீட்டு முனியம்மா ஒரு கைப்பிடிக் காயோடு வந்தார். "இத்த துன்னு பாரு கண்ணு. தோலத் துன்னாத, பிதுக்கிக்கணும். கௌரி அவரை. எங்கேந்தோ கொண்டாந்து போட்டா, இப்ப தெருவே துன்னுது."

எனக்கே சொல்லிக்கொடுத்தார். அம்மா அதோடு விட்டாளா? "கௌரிதான் தெனம் ஊட்டி உட்டா. அவ இல்லன்னா நான் செய்யாத்தங்கரையில சாம்பலாயிருப்பேன்."

வயிறு எரிந்தது. பக்கத்தில் நான் உட்கார்ந்திருக்க, தண்ணீருக்கு அம்மா "கௌரி" என்றுதான் குரல் கொடுத்தாள். அண்ணி அந்தக் காயை என் தட்டில் வைத்தபோது, உப்பு சரியாகவே இருந்தும் "உப்பு கரிக்குது" என்று ஒதுக்கினேன். மறுநாள் கொல்லையில் செடி பிடுங்கிக்கொண்டிருந்தவளிடம் கேட்டேவிட்டேன்.

"நான் அனுப்புனதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா அண்ணி?"

அவள் நிமிரவில்லை. "சொன்னனே. 'எம்பொண்ணு எங்க கீதோ, இன்னா துன்னுதோ'ன்னு கிண்ணத்தத் தள்ளிட்டு அயுதாங்க. ஒரு வாய் எறங்கல. அப்பறம்தான் உத்திரமேரூர் சந்தையில வாங்கனேன்னு சொன்னேன், துன்னாங்க." மண்ணை உதறிவிட்டு என்னைப் பார்த்தாள். "ஒன்ன நெனச்சி அயுவாங்க. எங்கையால துன்னுவாங்க. எனக்காக இந்த வூட்ல ஒருநாளும் யாரும் அயுததில்ல."

அவளுக்கும் என்மீது பொறாமை இருந்தது என்று அன்றுதான் தெரிந்தது. தெரிந்ததால் என்னுடையது ஆறிவிடவில்லை. ஆனால் அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை.

புறப்படுகிற அன்று அம்மாவே காயை வேகவைத்து, துணியில் முடிந்து என் கையில் திணித்தாள். "அந்த ஊர்ல இதெல்லாம் எங்கடி கெடைக்கப் போவுது? வழியில துன்னு." கௌரி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் வாங்கிக்கொண்டேன்.

காஞ்சிபுரம் பஸ்ஸில் முடிச்சை அவிழ்த்தபோது இன்னும் சூடாக இருந்தது. பக்கத்து சீட்டிலிருந்த ஒரு பெண்மணி எட்டிப் பார்த்து, "இன்னா காயிம்மா இது?" என்றார்.

"கௌரி அவரை" என்று ஒன்றைப் பிதுக்கிக் கொடுத்தேன்.

மென்று பார்த்துவிட்டு, "நல்லாக்கீதே, எந்த ஊரு காயி?" என்று கேட்டார்.

"எங்க ஊருதாம்மா" என்றேன். எது உன் ஊர் என்று அவர் கேட்கவில்லை.