ஆளில்லாத தீவு

கொல்லிமலை ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ். இன்று காலை, காய்ச்சலில் துவண்ட குழந்தையைத் தோளில் போட்டிருந்த பெண், “ஏனுங்க சிஸ்டர், வண்டி வந்துருமுங்களா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கால் மணி நேரத்தில் ஆம்புலன்ஸ் வந்து ஏற்றிக்கொண்டு போனது. அந்தக் கேள்வி மட்டும் போகவில்லை. என் சிறு வயதில் அம்மா மூன்று நாள் அப்பாவிடம் அப்படித்தான் கேட்டாள்.

அப்போது அப்பாவுக்கு ஒரு தீவின் கலங்கரை விளக்கத்தில் வேலை. ஆபீஸ் படகு வாரம் ஒருமுறைதான் வரும். தம்பிக்குக் காய்ச்சல் கண்ட மறுநாள் மீனவர் வள்ளம் ஒன்று கரை ஒதுங்கியது.

“பிள்ளைய இதுலயே கொண்டு போயிருதேன்,” என்றாள் அம்மா.

“ஆபீஸ்ல கேக்காம வெளியாள் வள்ளத்துல ஏறினா என் வேலை போயிரும். நம்ம படகு வரும்,” என்றார் அப்பா. சொல்லிவிட்டு விளக்குக் கண்ணாடி துடைக்க மேலே ஏறினார். அவர் சட்டையிலிருந்து மண்ணெண்ணெய் வாடை வீசியது.

படகு வருவதற்கு முந்தின நாள் தம்பி இறந்தான். விளக்கடி மணலில் அப்பாவே குழி வெட்டினார். ஓய்வு பெறும்வரை அந்த வேலையில் இருந்தார்.

அந்தத் தீவு இப்போது கடற்பறவைகளின் சரணாலயம். போன வருடம் கல்லறைத் திருநாளுக்குக் கரையிலுள்ள வனத்துறை ஆபீஸுக்குப் போய், தீவுக்குள் போக அனுமதி கேட்டேன்.

“முடியாதும்மா. பறவைங்க குஞ்சு பொரிச்சிருக்கு. ஆளைக் கண்டா பயந்துரும்,” என்றார் காவலர்.

“என் தம்பி அங்க இருக்கான்.”

“அந்தத் தீவுல ஆளே கிடையாதும்மா.”

மலைக்குப் பஸ் ஏறினேன்.