காலி பாட்டிலுக்கு வரி இல்லை

என் அப்பா பெரியதம்பி பதினோரு வருஷம் பாரிஸில் ஒயின் பாட்டில்களோடு குடித்தனம் நடத்தியவர். ஒரு சொட்டு வாயில் வைத்தது கிடையாது. இதைச் சொன்னால் கூட்டேரிப்பட்டு டீக்கடையில் ஒருத்தனும் நம்ப மாட்டான். நானே அம்மா சத்தியம் செய்த பிறகுதான் நம்பினேன். அப்பா விஷயத்தில் அம்மா சத்தியம் செய்தது அது ஒன்றுக்குத்தான்.

அவரை அங்கே கூட்டிப்போனவர் புதுச்சேரி சீனுவாசன் மாமா. அவருடைய தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த புண்ணியத்தில் மாமாவுக்கு அந்த நாட்டுக் குடியுரிமை. தான் சமையல் பார்த்த ஓட்டலிலேயே அப்பாவையும் சேர்த்துவிட்டார். வேலை தரைக்கு அடியில். ஓட்டலுக்குக் கீழே ஒரு குளிர்ந்த அறை, அதில் வரிசை வரிசையாக ஒயின். மேலே கேட்டால் எடுத்துக் கொடுக்க வேண்டும், காலியான இடத்தை நிரப்ப வேண்டும். தூசு தட்டலாம், குலுக்கக் கூடாது. மல்லாட்டைக் கொல்லையில் வேர்க்கடலை பிடுங்கி வளர்ந்த மனுஷனுக்கு அது பிடித்துப் போனதுதான் ஆச்சரியம்.

அவர் விமானம் ஏறியபோது அம்மா விசாலாட்சிக்கு மூன்று மாதம். நான் கார்த்திகை தீபத்துக்கு இரண்டு நாள் முன்பு திண்டிவனத்தில் பிறந்தேன். தீபத்தன்று ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும் வழியில் அம்மா என்னைத் தோளில் போட்டுக்கொண்டே பஸ் ஸ்டாண்ட் ஐ.எஸ்.டி. பூத்தில் நின்று அப்பா வேலை பார்த்த ஓட்டலுக்குப் போன் போட்டாள். "பொண்ணு பொறந்துகீது. அசுவினி நட்சத்திரம்" என்றாள். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டது. மறுபடி போடக் கையில் காசில்லை. ஒரு வாரம் கழித்துப் பக்கத்து வீட்டுப் போனில் அப்பா கூப்பிட்டு, பிள்ளைக்கு அஸ்வினி என்று பேர் வை என்றார்.

"பொண்ணுன்னதும் போன வெச்சிட்டாரு. மனசு ஆறத்துக்கு ஒரு வாரம் ஆச்சி" என்று அம்மா என்னிடம் நூறு தடவை சொல்லியிருக்கிறாள். அப்பாவிடம் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. விசா சிக்கலில் அவர் முதல்முதலாக ஊருக்கு வந்தபோது எனக்கு ஏழு வயது. மிட்டாய் டப்பாவோடு நின்றவரைப் பார்த்து, "யாரு நீங்க?" என்று கேட்டேன். நான் வேண்டுமென்றே கேட்டேன். அந்த வயதிலேயே எனக்கு அவ்வளவு கோபம்.

அப்பா வேறு கதை சொல்வார். சிரித்துக்கொண்டே சொல்வார், அதுதான் தப்பாகிப் போனது. "கஸ்டமரு வர்ற நேரம்னு ஓனரு போனப் புடுங்கி வெச்சிட்டான். எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. கீழ போயி ஒரு பாட்டிலு பின்னால உன் பேர எழுதி, வித்துடப் போறானுங்கன்னு மூலையில ஒளிச்சி வெச்சேன்."

"கப்ஸா உடாதப்பா" என்பேன். அம்மா எழுந்து மாட்டைப் பார்க்கப் போய்விடுவாள்.

போன வருஷம் சீனு மாமா வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க் அனுப்பினார். ஓனர் போய்ச் சேர்ந்துவிட்டார், ஓட்டலை மூடிவிட்டார்கள், கீழறைச் சரக்கு முழுவதும் ஆன்லைனில் ஏலத்துக்கு வருகிறது என்றார். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. களை எடுக்கப் போன இடத்தில் வரப்பில் உட்கார்ந்து ஒவ்வொரு படமாகத் தள்ளிக்கொண்டிருந்தார். "இது மேல் தட்டுல இருந்தது. இது மூடி ஒழுகும், பேஜாரு புடிச்ச பாட்டிலு" என்று நம் வீட்டு மாடுகளை அடையாளம் சொல்வது மாதிரி சொன்னார். ஒரு படத்தில் விரல் நின்றது.

போனை என்னிடம் நீட்டினார். ஒரு பாட்டிலின் பின்பக்கப் படம். அழுக்கேறிய லேபிளில் பென்சிலால், கோணல்மாணலாக, ஆனால் தெளிவாக 'அஸ்வினி'. கீழே தேதி. அது தீபத்தன்றைய தேதி. படத்துக்கு அடியில் ஏலக்காரர்கள் போட்டிருந்த குறிப்பைப் போனே மொழிபெயர்த்துக் காட்டியது: அறியாத மொழியில் கிறுக்கல், லேபிள் சேதம், ஆகவே விலை குறைவு.

எனக்கு வந்ததே கோபம். "என் பேரு இவனுங்களுக்குச் சேதமா?"

அம்மா போனை வாங்கிப் பார்த்தாள். கண்ணுக்குக் கிட்டே வைத்து, தள்ளி வைத்து, மறுபடி கிட்டே வைத்துப் பார்த்தாள். வரப்போடு கொஞ்ச தூரம் நடந்து போனாள். திரும்பி வந்தவள் கண் சிவந்திருந்தது. "ஏங்க, அத எப்படியாவது வாங்கிடுங்க. எவனோ குடிச்சிட்டுக் குப்பையில போட்டுடப் போறான்" என்றாள். டாஸ்மாக் இருக்கும் பக்கமே முகத்தைத் திருப்பாதவள் சொன்ன வார்த்தை அது.

அப்பாவுக்கு ஏலம் புதிதில்லை. திண்டிவனம் மார்க்கெட் கமிட்டிக்கு மல்லாட்டை மூட்டை கொண்டுபோய் ஏலத்தில் விற்கிறவர்தான். "கேட்ட வெல நம்ம கைக்கு வரும். அதே மாதிரிதான இதுவும்?" என்றார்.

அங்கேதான் ஏமாந்தோம். விற்கிறவன் பார்க்கும் ஏலம் வேறு, வாங்குகிறவன் பார்க்கும் ஏலம் வேறு. நான் திண்டிவனத்தில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் ஜி.எஸ்.டி. கணக்குப் போடுகிறவள். மதுவுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்பது ஞாபகம் வந்ததும் துள்ளிக் குதித்தேன். "அப்பா, வரியே இல்ல!" என்று கத்தினேன். என்னை மாதிரி ஒரு அரைவேக்காடு உண்டா! பெரிய கதவு மூடியிருக்கிறது என்று குதித்தவள், பக்கத்தில் வரிசையாகத் திறந்திருந்த கதவுகளைப் பார்க்கவில்லை.

ஒரு பேச்சுக்கு எண்பது யூரோவுக்குப் பாட்டில் நமக்கு விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது சுத்தியல் தட்டிய விலை மட்டும்தான். அதன்மேல் ஏலக்காரர்களின் கமிஷன், கமிஷன்மேல் அந்த நாட்டு வரி, இரண்டும் சேர்ந்து கால் பங்கு. ஆக நூறு யூரோ, நம் கணக்குக்குப் பத்தாயிரம் ரூபாய். உடையாமல் கட்டி, இன்சூரன்ஸ் போட்டு அனுப்ப இன்னொரு பத்தாயிரம். பாட்டில் சென்னையில் இறங்கியதும் சுங்க வரி நூற்றுக்கு நூற்றைம்பது. அதுவும் பாட்டில் விலைக்கு மட்டும் இல்லை, அனுப்பும் கூலியையும் இன்சூரன்சையும் சேர்த்த மொத்தத்துக்கு. முப்பதாயிரம்! எட்டாயிரத்துக்குக் கேட்ட சாமான் வீட்டு வாசலுக்கு வரும்போது ஐம்பதாயிரம்.

"பெட்டிக்கும் பஞ்சுக்கும் கூடவா நூத்தம்பது பர்சென்ட்டு?" என்று அப்பா வாயைப் பிளந்தார். கோபம்கூட இல்லை அவருக்கு. இத்தனை வருஷம் தூக்கிய பாட்டில்களுக்குப் பின்னால் இத்தனை கை நீண்டிருக்கிறதா என்று ஒரே ஆச்சரியம். ஒவ்வொரு வரியாகத் திருப்பித் திருப்பிச் சொல்லச் சொன்னார்.

சென்னையில் சரக்கு இறக்கும் ஏஜென்ட் ஒருவருக்குப் போன் போட்டேன். மனுஷன் விழுந்து விழுந்து சிரித்தார். "தனி ஆளுக்கு ஒயின் பார்சலா? கூரியர்காரனே தொட மாட்டாம்மா. முறைப்படி கொண்டாறதுன்னா லைசென்ஸு, பர்மிட்டு, அப்புறம் டெஸ்ட்டுக்கு சாம்பிளு. கையில இருக்கறது ஒரே பாட்டிலுன்னா எதத் தெறந்து சாம்பிளு எடுப்பாங்க?"

போனை வைத்துவிட்டு இடிந்துபோய் உட்கார்ந்தேன். இருபத்தாறு வயது வரை கப்ஸா என்று நினைத்த கதை நிஜம் என்று தெரிந்த பிறகு, அதைக் கையில் தொட முடியாது என்றால் எப்படி இருக்கும்? அழுகையாக வந்தது.

அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். எங்கள் கொல்லை நெடுஞ்சாலையை ஒட்டியது. குடிகாரர்கள் வீசிவிட்டுப் போகும் பாட்டில்களை அம்மாதான் திட்டிக்கொண்டே பொறுக்குவாள். டாஸ்மாக்கில் இப்போது பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பத்தைத் தருகிறார்கள் அல்லவா, அம்மா பொறுக்கியதைச் சாக்கில் கட்டி என்னிடம் கொடுத்தனுப்புவாள். நான் தலையில் அடித்துக்கொண்டு வண்டியில் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

"ஏண்டி, சரக்குக்கு ஒரு கணக்கு, பாட்டிலுக்கு ஒரு கணக்குன்னு கடையிலயே வெச்சிக்கிறான். இந்த வரியெல்லாம் எதுக்குப் போடறாங்க? உள்ள இருக்கறதுக்கா, பாட்டிலுக்கா?"

"உள்ள இருக்கறதுக்கு."

"அப்ப அந்தக் கருமத்த அங்கியே ஊத்திட்டு, வெறும் பாட்டில அனுப்பச் சொல்லேன்."

அப்பாவும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

ஏலம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். காசைச் சீனு மாமா அங்கே கட்டிவிடுவார், அப்பா இங்கிருந்து கேட்க வேண்டும். கமிஷனோடு நூற்றைம்பது யூரோதான் நம் சக்தி, ஆகவே நூற்றிருபதுக்கு மேல் விரல் வைத்தால் உடைத்துவிடுவேன் என்று சொல்லியிருந்தேன். நாற்பதில் ஆரம்பித்தது. யாரோ ஒரு புண்ணியவான் விடாமல் எங்களோடு ஏறிக்கொண்டே வந்தான். அப்பா நூற்றிருபது போட்டார். அவன் நூற்றுமுப்பது போட்டான்.

அப்பா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன், முடியாது என்று. திரையில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

"போடுங்க" என்றாள் அம்மா. "எம்மா, அது நூத்தி நாப்பது இல்ல, கமிஷனோட நூத்தி எழுபத்தஞ்சி!" என்று நான் கத்தினேன். "எனக்கு உன் கணக்குத் தெரியாது. என் பாட்டிலு காசு ஒரு டப்பா நெறைய கீது. ஜல்தியா போடுங்க!"

அப்பா போட்டார். அதற்குமேல் அந்தப் புண்ணியவான் வரவில்லை.

அடுத்த வாரம் வீடியோ காலில் சீனு மாமா பாட்டிலைத் திறந்தார். லேபிளைச் சுற்றிப் பிளாஸ்டிக் தாள் கட்டச் சொல்லி அப்பா இங்கிருந்து உயிரை எடுத்தார். கழுவிக் காயவைத்துத்தான் அனுப்ப வேண்டும், பென்சில் எழுத்தில் மட்டும் தண்ணி படக் கூடாது என்று.

"கொட்டறத்துக்கு முன்ன ஒரு வாய் குடிச்சிப் பாரு சீனு. எப்படி இருக்குதுன்னு சொல்லு. எத்தினி பாட்டிலு தூக்கனேன், ஒண்ணோட ருசியும் எனக்குத் தெரியாது."

மாமா ஒரு வாய் குடித்தார். முகம் அஷ்டகோணலானது. "காடி ஆயிடுச்சிடா, ஒரே புளிப்பு! எங்க வெச்ச இத?"

"சுடுதண்ணிக் கொழா பக்கத்துல. அங்க யாரும் கை வுட மாட்டாங்கன்னு..." என்றவர் சிரிக்க ஆரம்பித்தார். "அம்பதாயிரம் குடுத்துக் காடி வாங்கியிருப்போம் அசு!" என்று கண்ணில் தண்ணி வரச் சிரித்தார்.

பார்சல் வந்த நாள் நான் ஆபீசுக்கு லீவு போட்டேன். மேலே ஒட்டிய சுங்கச் சீட்டில் மாமா எழுதியிருந்தார்: காலி கண்ணாடி பாட்டில், விற்பனை மதிப்பு இல்லை. வரி எதுவும் போடவில்லை. எனக்கு மறுபடி சுருக்கென்று கோபம் வந்தது. "மதிப்பு இல்லன்னு எழுதிட்டாரு பாரு" என்றேன். "வுடும்மா, சீட்டுதான" என்றார் அப்பா.

அம்மா பாட்டிலைக் கையில் வாங்கினாள். வாயை முகர்ந்து பார்த்து மூக்கைச் சுளித்தாள். திருப்பி, லேபிளில் விரல் படாமல் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க," என்றாள். "அன்னிக்கு லைன் கட்டாச்சே. அதுக்கு முன்ன ஏதோ சொல்ல வந்தீங்களா?"

அப்பா அவளைப் பார்த்தார். இத்தனை வருஷம் அவள் கேட்காமல் வைத்திருந்த கேள்வி இது என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. முகத்தில் சிரிப்பு போய்விட்டது. கிட்டே வந்து லேபிளில் இருந்த பேரைக் காட்டினார்.

"இதான் விசாலாட்சி. இதத்தான் சொல்ல வந்தேன்."