அகர வரிசையில் ஜப்பானியப் பாட்டுகள்

"மே 28, புதன். எழுத்து: மி. பாட்டு பாடப்பட்டது. இரண்டாம் வரிசையில் இருந்த தாத்தா ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதாக மகள் சொன்னாள்."

என் குறிப்பேட்டின் இந்தப் பதிவில் தேதி சரி, கிழமை சரி, எழுத்தும் சரி. மற்றது தவறு. அது எனக்கு மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது.

மகள் ஜப்பானில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை பார்க்கிறாள். என் மனைவி இறந்த மறு வருடம் போனாள். போன புதிதில் அவள் போனில் பேசியதெல்லாம் இரண்டே விஷயம்: நான் சாப்பிட்டேனா, மாத்திரை போட்டேனா. இரண்டுக்கும் ஆமாம் என்று சொன்னால் மூன்று நிமிடத்தில் பேச்சு முடிந்துவிடும். மூன்று நிமிடம் என்பது ஊகம் இல்லை, போனே காட்டும்.

போன அக்டோபரில் அது மாறியது. அந்த இல்லத்தில் புதன்கிழமை மதியம் இரண்டு மணிக்கு கரோக்கே நடக்கும். திரையில் வரிகள் ஓடும், மைக்கைப் பிடித்துப் பாட வேண்டும். ஒரே ஆட்கள் ஒரே ஐந்து பாட்டையே வாராவாரம் பாடுகிறார்கள் என்று, அங்கே தங்கியிருந்த முன்னாள் பள்ளி ஆசிரியை ஒருவருக்குச் சலித்துப்போனது. அவர் ஒரு விதி போட்டார். வாரம் ஒரு எழுத்து. பாட்டின் தலைப்பு அந்த எழுத்தில்தான் தொடங்க வேண்டும். ஒருவருக்கு ஒரு பாட்டுதான். வேலை பார்க்கிறவர்களும் பாட வேண்டும்.

"அப்பா, எனக்கு அவங்க பாட்டு ஒண்ணும் தெரியாது. திரையில ஓடுற வேகத்துக்கு வாசிக்கவும் வரமாட்டேங்கு. நீங்க தேடி எடுத்துத் தாங்களேன்" என்றாள்.

அவள் என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. முப்பத்தொரு வருடம் எங்கள் சபையின் பாடகர் குழுவில் கீழ்க்குரலில் பாடியவன் நான். எங்கள் பாட்டுப் புத்தகத்தின் கடைசியில் முதற்குறிப்பு அட்டவணை இருக்கும். போதகர் தலைப்பைச் சொன்னதும் எண்ணைச் சொல்லுகிற வேலை என்னுடையது. முதல் எழுத்தை வைத்துப் பாட்டைப் பிடிப்பது எனக்குக் கைவந்த காரியம்.

இல்லத்தின் பாட்டுப் பட்டியலை அவள் படமெடுத்து அனுப்பினாள். ஜப்பானிய எழுத்துகளை ஒரு மாதத்தில் எழுதப் பழகினேன். அது நினைத்த அளவு கடினமாக இல்லை. அ, இ, உ, எ, ஒ என்று தொடங்கி, க, ச, த, ந என்று நம் வரிசையை ஒட்டியே போகிறது. வடமொழி எழுத்தைக் கற்ற புத்தத் துறவிகள் வழியாகப் போன ஒழுங்கு அது என்று படித்தேன். அந்நிய ஊரில் தெரிந்த முகத்தைப் பார்த்தது போலிருந்தது.

ஒவ்வொரு எழுத்திலும் ஏழெட்டுப் பாட்டுகளை யூடியூபில் கேட்பேன். எண்பது வயதுக்காரர்களுக்குத் தெரிந்ததாக இருக்க வேண்டும். மெதுவாக நடக்க வேண்டும். மகளுடைய குரலுக்குள் அடங்க வேண்டும். தேர்ந்ததைத் தமிழ் எழுத்தில் எழுதி, மேலே டோ, ரே, மீ என்று சோல்பா சுரக்குறிகள் போட்டு, சனிக்கிழமை அனுப்புவேன். ஒரு வாரம் நல்ல மெட்டு ஒன்று கிடைத்தும் ஒதுக்கிவிட்டேன்.

"அதை ஏன் விட்டிய? இங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க பாடுற பாட்டாக்கும் அது" என்றாள்.

"அந்த ராகத்துலதான் மக்கா நம்ம சபையில சவப்பெட்டி எடுப்போம்."

"ஜப்பான்காரங்களுக்கு அது தெரியுமாக்கும்?"

"எனக்குத் தெரியும்லா."

அவள் சிரித்தாள். அன்று நாற்பத்திரண்டு நிமிடம் பேசினோம்.

அங்கே இரண்டு மணி என்றால் நாகர்கோவிலில் காலை பத்தரை. புதன் பத்தரைக்கு நான் வேறு வேலை வைத்துக்கொள்வதில்லை. கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவருக்குக்கூட அது தெரியும். எங்கள் தெருவில் பக்கத்து வீடும் எதிர்வீடும் பூட்டிக் கிடக்கின்றன. ஒரு வீட்டார் துபாயில், இன்னொரு வீட்டார் சென்னையில். அந்த அரைமணி நேரம் வரிகளை எடுத்து வைத்துக்கொண்டு, அவள் பாடுவதாக நினைத்து நானும் கீழ்க்குரலில் பாடுவேன். கேட்க ஆள் இல்லாததால் கூச்சமில்லை.

மே 31, சனிக்கிழமை. கடியப்பட்டணத்துப் பெண் ஒருத்தி வந்தாள். மகளோடு அதே இல்லத்தில் வேலை, ஒரே அறை. ஒரு மாத லீவில் ஊருக்கு வந்தவள், மகள் கொடுத்துவிட்ட தேயிலைப் பொட்டலத்தோடு வடசேரியில் பஸ் இறங்கி, வழி கேட்டுக் கேட்டு வந்திருந்தாள்.

"அங்கிள், நீங்க ஒரு ஆளுக்கு நாலு ஜோடி செருப்பா? அதுவும் ஜப்பான்காரன் கணக்கா வரிசையா வச்சிருக்கியளே" என்றாள் உள்ளே வந்ததும்.

தேநீர் போட்டுக் கொடுத்தேன். மேசையில் 'மு' எழுத்துக்கான தாள் அனுப்பத் தயாராக இருந்தது. அவள் அதை எடுத்துப் பார்த்தாள்.

"இது என்னது, பாட்டா?"

"அடுத்த புதன்கிழமை கரோக்கேக்கு."

"எந்த கரோக்கே? நம்ம இல்லத்துலயா? அது பிப்ரவரியோட நின்னு போச்சே அங்கிள். அந்த டீச்சர் பாட்டிய அவங்க மகன் வேற ஊருக்குக் கூட்டிட்டுப் போயிட்டாரு. பெறவு கேக்க ஆளில்ல. மெஷின் வாடகை மெஷினாக்கும், திருப்பிக் குடுத்தாச்சு. இப்போ புதன்கிழமை பேப்பர் மடிக்கதுதான், கொக்கு, படகு."

"எனக்குத் தேதி குழம்பிட்டு" என்றேன். தேதியில் குழம்பியதாக நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவள் கவனிக்கவில்லை. "உங்க மகளுக்கு இப்போ புதன்கிழமை லீவு. மத்தியானம் பையைத் தூக்கிட்டுப் போயிருவா. எங்கட்டி போறன்னு கேட்டா, நடக்கப் போறேன்னு சொல்லுவா. மழையிலயும் நடக்கா" என்றாள்.

அவளை பஸ் ஏற்றிவிட்டு வந்து குறிப்பேட்டை எடுத்தேன். 'தெ' வரைக்கும் உண்மை. 'தொ'விலிருந்து 'மி' முடிய பதின்மூன்று எழுத்து, பதின்மூன்று பாட்டு. பதின்மூன்றுக்கும் கைதட்டலோ கண்ணீரோ ஒன்று எழுதி வைத்திருக்கிறேன். மகள் ஜப்பானிய வாசிப்புத் தேர்வில் தேறியதும் அதற்குள்தான். என் தமிழ்த் தாள் இல்லாமலே இப்போது அவளால் வாசிக்க முடியும். அங்கே வயதானவர்களுக்குக் கொக்கு மடிக்கத் தாள் கொடுப்பது போல எனக்கு ஒரு எழுத்து கொடுத்திருக்கிறாள் என்று தோன்றியது. அந்த கரோக்கே குழுவில் மிஞ்சியிருந்த ஒரே உறுப்பினர் நான்தான்.

தாளை அன்றே அனுப்பினேன். ஞாயிறு ஆராதனைக்குப் போகவில்லை. கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். கேட்டால் அவள் மன்னிப்புக் கேட்பாள். பிறகு பேச எங்களிடம் மிஞ்சுவது சாப்பாடும் மாத்திரையும்தான். அது தெரிந்தும், இரக்கத்தில் கிடைப்பது எனக்கு வேண்டாம் என்றிருந்தேன். கேட்க வேண்டிய வாக்கியத்தை ஒரு தாளில் எழுதியும் வைத்தேன்.

ஜூன் 4, புதன், பகல் பன்னிரண்டு பத்துக்கு அழைத்தாள். நான் வாய் திறப்பதற்குள் அவளே தொடங்கிவிட்டாள்.

"அப்பா, இந்த வாரம் நீங்க போட்ட சுருதி எனக்கு எட்டல்ல. மெஷின்ல ரெண்டு கட்டை இறக்கி வச்சேன். அப்பமும் அந்த நடு அடி வரல்ல. மறுபடி முதல்ல இருந்து பாடினேன். மூணாந்தடவை சரியா வந்துச்சு."

மூன்று தடவை. ஒருவருக்கு ஒரு பாட்டு என்பது டீச்சர் போட்ட விதி. அந்த மெஷினும் போய் மூன்று மாதம் ஆகிறது. பொய் சொல்லுகிறவள் இப்படியா சொல்லுவாள்? அவள் குரல் லேசாகக் கட்டியிருந்தது, உண்மையிலேயே பாடிவிட்டு வந்தவளைப் போல.

"யாரும் கைதட்டினாங்களா?" என்று கேட்டேன்.

"இன்னைக்கு ஆள் குறைவுப்பா" என்றாள்.

எழுதி வைத்திருந்த வாக்கியத்தை நான் வாசிக்கவில்லை. நடு அடியைப் பாடிக் காட்டச் சொன்னேன். பாடினாள். இரண்டாவது முறை நானும் கீழ்க்குரலில் சேர்ந்துகொண்டேன். போனில் சத்தம் சற்றுப் பிந்திப் போவதால் இருவரும் ஒரு தாளத்தில் நிற்க முடியவில்லை. அடுத்தது 'மெ' என்றேன். அதற்குப் பிறகு பத்து எழுத்துகள் இருக்கின்றன. அவை முடிந்தால் என்ன செய்வது என்று அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

அந்த நாட்டில் தனியாக வந்து பாடுகிறவர்களுக்கென்றே சிறு கரோக்கே அறைகள் வைத்த கடைகள் உண்டு என்று பிறகு படித்தேன். கைபேசி வரைபடத்தில் தேடினேன். அவள் இருக்கும் இல்லத்திலிருந்து பதினொரு நிமிட நடையில், ரயில் நிலையத்துக்கு எதிரே அப்படி ஒரு கடை இருக்கிறது. புதன்கிழமை மதியங்களில் அவள் போவது அங்கேதான் என்பது என் ஊகம். இதை எழுதும் நாள்வரை அது உறுதிப்படுத்தப்படவில்லை.