புளி போட்டுத் தேய்த்த டிரம்

பாலக்கோட்டுப் பக்கம் மூடிக்கிடந்த ஒரு முலாம் பூசும் கம்பெனியைச் சுத்தம் செய்யும் வேலையில் நான் சூப்பர்வைசர். உள்ளே தேங்கியிருந்த மஞ்சள் சேற்றை அள்ளி, மூட்டை கட்டி, லாரியில் ஏற்றி அனுப்பினோம். அதுகூடப் பெரிதில்லை. கம்பெனி மூடியபோது ஊர்க்காரர்கள் எடுத்துப்போன நீல டிரம்களைத் திரும்ப வாங்குவதற்குள்தான் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. குழாயில் தண்ணீர் வருகிற நாளில் பிடித்து வைக்க எல்லார் வீட்டிலும் அதுதான். பழையதற்குப் புதியது தருகிறோம் என்றதும் கொடுத்துவிட்டார்கள். ஒரே ஒரு வீட்டில் மட்டும் என் பருப்பு வேகவில்லை.

அந்த வீட்டு அக்காவின் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். சமையலறை ஓரத்தில் டிரம் நின்றது, மஞ்சள் குங்குமத்தோடு.

“புளி போட்டுத் தேச்சு வெச்சிருக்கங்க. பித்தள அண்டாவே பளிச்சுனு ஆவுது, இது ஆவாதா?”

“அக்கா, இதுல இருந்தது ஆசிட்டு, குரோமியம். பிளாஸ்டிக்லயே ஊறிப்போச்சுங்க. புளிக்கெல்லாம் போவாது.”

“இன்னிக்கி வெள்ளிக்கெழமங்க. தண்ணிப் பாத்திரத்த வூட்ட வுட்டு அனுப்ப மாட்டோம். புள்ளத்தாச்சி இருக்கற வூடு வேற. நாளைக்கி வாங்க.”

போன முறை அமாவாசை என்றார். நானும் லேசுப்பட்டவள் இல்லை. டிரம் இல்லாமல் கிளம்புவதில்லை என்று வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பெண்ணுக்குத் தாகமெடுத்தால் இந்தத் தண்ணீரைத்தானே குடிப்பாள்?

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. டிரம்மில் சொம்பை விட்டு மொண்டார். நான் பதறி எழுவதற்குள் மடக் மடக்கென்று குடித்து முடித்தார்.

“பாத்தீங்களா? எனக்கு என்ன ஆயிப்போச்சு?”

எனக்கும் ஆத்திரம் தாங்கவில்லை. “சரிங்க. இன்னொரு சொம்பு மொண்டு புள்ளைக்கும் குடுங்க. என் கண்ணு முன்னாலயே குடுங்க.”

அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுதான். கொடுத்தால் தட்டிவிடுவதற்குத் தயாராகப் பக்கத்தில் போய் நின்றேன்.

வீம்புக்கு மொண்டுவிட்டார். மகளும் கை நீட்டினாள். ஆனால் அக்காவின் பிடி தளரவில்லை. மகளின் வயிற்றைப் பார்த்தார், சொம்பைப் பார்த்தார். பிறகு தண்ணீரை டிரம்மிலேயே ஊற்றி, மூடியை அழுத்தி மூடினார்.

பாதிக்கும் குறைவாகத்தான் தண்ணீர் இருந்தது. அவரே டிரம்மைச் சாய்த்து, அடி விளிம்பில் உருட்டிக்கொண்டே வாசலுக்கு வந்தார். நான் ஒரு பக்கம் பிடித்தேன். அம்மா தடுமாறுவதைப் பார்த்து மகளும் ஓடிவந்து கை வைக்கப் போனாள்.

“தொடாத கண்ணு! அந்தாண்ட போ!” என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி அலறினார் அக்கா.