தறி நின்றதும் விழித்தவள்

எங்கள் வீட்டில் யாரும் தறிச் சத்தத்துக்கு விழித்ததில்லை. சத்தம் நின்றால்தான் விழிப்போம். கைக்குழந்தைகூட அப்படித்தான். தறியில் இருப்பவர் தண்ணீர் குடிக்க எழுந்தால் போதும், தூளியில் அழுகை கிளம்பிவிடும். ஆரணியில் பட்டு நெய்கிற வீடுகளில் இதை யாரும் அதிசயமாகச் சொல்வதில்லை. இதைக் கோர்ட்டில் ஏறிச் சொல்ல வேண்டிவரும் என்று நான் நினைத்ததே இல்லை.

எண்பதுகளின் தொடக்கம். எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. அண்ணனும், கூலிக்கு நெய்ய வந்த ஒருவனும் கூடத்தில் அடுத்தடுத்த தறிகளில் உட்காருவார்கள். அன்று தெருவில் பாவு நீட்டும் வேலை, தறியில் ஏற்றுகிற நீள இழைகளை இழுத்துக் கட்டுவது. வெயில் ஏறினால் பட்டு இழை பாழாகும் என்று இருட்டோடு எழுந்திருந்தோம். அது முடிந்து, சமைத்து, எல்லோருக்கும் போட்டுவிட்டு, மதியம்தான் அண்ணி கூடத்தில் தறிக்குப் பக்கத்துச் சுவரோரம் பாயில் சாய்ந்தாள். நாங்கள் எல்லோருமே அங்கேதான் படுப்போம். வேறு இடம் ஏது? அண்ணன் போளூருக்குப் போயிருந்தான். கூலிக்காரன் மட்டும் தறியில் இருந்தான்.

நான் பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். தறி நின்றது. அறுந்த இழையை முடிகிறான் போலிருக்கிறது என்று நினைப்பதற்குள் அண்ணியின் அலறல். ஓடினேன். அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டு, புடவையை வாரிப் பிடித்தபடி நின்றாள்.

"நான் ஒண்ணும் பண்ணல. கனா கண்டு கத்துது" என்றான் அவன்.

கனாவாம்! பாயில் ஒரு முழங்காலை ஊன்றிக்கொண்டுதான் அதைச் சொன்னான். கையிலிருந்த சொம்பை வீசினேன். தோளில் பட்டது. கொஞ்சம் மேலே பட்டிருக்கலாம் என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

அண்ணன் வருவதற்குள் தெருவே வாசலில் நின்றது. வெளியே தெரிந்தால் நமக்குத்தான் அசிங்கம் என்று ஆளாளுக்குப் புத்தி சொன்னார்கள்.  அண்ணன் நேரே போய் அண்ணி பக்கத்தில் உட்கார்ந்தான்.

"உனக்கு இன்னா தோணுதோ சொல்லு. நான் கூட வரேன்."

"ஸ்டேஷனுக்குப் போலாங்க" என்றாள் அண்ணி. அதற்குமேல் அண்ணன் ஒரு கேள்வி கேட்கவில்லை. அவன்மேல் எனக்கு அவ்வளவு பிரியம் வந்தது அன்றுதான்.

கேஸ் நடந்தது. கூலிக்காரனுக்கு வந்த வக்கீல் வெளியூர்க்காரர். கைக்கெட்டும் தூரத்தில் தறி அப்படி அடிக்கும்போது ஒருத்தி எப்படித் தூங்குவாள் என்று அவர் பிடித்துக்கொண்டார். அவள் தூங்கவில்லையாம், கண்ணை மூடிப் படுத்திருந்தாளாம். அவன் வந்ததும் சும்மா இருந்தாளாம். அப்படியென்றால் சம்மதம்தானே என்றார். அந்த வாதம் நின்றுவிட்டால் அண்ணி பொய்க்காரியாவது மட்டுமில்லை, இஷ்டப்பட்டவள் என்றும் ஊர் முடிவுகட்டிவிடும்.

என்னைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள்.

"ஐயா, எங்க ஊட்ல தறி ஓடிகினு இருந்தா நல்லாத் தூங்குவோம். நின்னாத்தான் முழிப்பு வரும். அவங்க அன்னிக்கு அசதியில இருந்தாங்க. முழிக்கிறதுக்குள்ள அவன் கைய வச்சிட்டான்" என்றேன்.

பின்னால் இருந்த நெசவுக்காரர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். கோர்ட் டவாலி அதட்டினார்.

தூங்குகிறவள் சம்மதம் சொல்ல முடியாது, அவள் பேசாமல் கிடந்ததைச் சம்மதமாக எடுக்கவும் முடியாது என்று மாஜிஸ்திரேட் தீர்ப்பில் சொன்னார். அவனுக்கு ஜெயில். கோர்ட்டு, கச்சேரி என்றாலே எனக்குப் பிடிக்காது. அன்று மனசாரக் கும்பிட்டேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்கு வாய் ஓயவில்லை. அண்ணி மட்டும் நாலடி பின்தங்கியே வந்தாள்.

"அதான் ஜெயிச்சாச்சே அண்ணி, இன்னும் இன்னா பேஜாரு?" என்றேன்.

"ஜெயிச்சோம், இல்லன்னு சொல்லல. போலீஸ்காரர் கேட்டாரு, வக்கீல் கேட்டாரு, அக்கம்பக்கத்துல கேட்டாங்க, நீ ஏன் அங்க படுத்தே, நீ ஏன் தூங்கினேன்னு. தூங்கினு இருந்தவள ஏன்டா தொட்டேன்னு அவனை ஒருத்தர்கூட கேக்கலியே."