மண்ணச்சநல்லூர் மேடையில் நான் சொன்னது

நான் ஒரு பெண்ணை ஊரார் முன்னால் காட்டிக்கொடுத்தேன். பெண்களைக் காப்பாற்ற வந்தவள் என்ற பெயரோடு மேடையேறி, அங்கிருந்தே காட்டிக்கொடுத்தேன். இத்தனை ஆண்டுகளில் ஒருவரிடமும் இதை நான் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

ஐம்பதுகளின் கடைசி அது. ஸ்ரீரங்கத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். மாதர் சங்கம் ஒன்றுக்குச் செயலாளர். பெண்களை ஏமாற்றி அழைத்துப்போய் விற்பவர்களைத் தண்டிக்கப் புதிய சட்டம் வந்திருந்தது. மீட்டு வரப்பட்ட பெண்கள் தங்கியிருந்த விடுதி ஒன்று திருச்சியில் இருந்தது. சனிக்கிழமைதோறும் அங்கே போய் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுப்பேன். அங்கேதான் மருதாயியைக் கண்டேன்.

வையம்பட்டிக்காரி. இருபத்திரண்டு வயதிருக்கும். காந்தி மார்க்கெட்டில் கடலை விற்க வந்தபோது ஒருத்தி அவளிடம் பழகியிருக்கிறாள். பம்பாயில் ஒரு வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்று சொல்லி ரயிலேற்றிவிட்டாள். போய்ச் சேர்ந்த இடம் வீடல்ல... அங்கே இரண்டு ஆண்டுகள். தப்ப முயன்றதற்குத் தண்டனையாக இடது கையில் சூடு. கடைசியில் போலீஸார் மீட்டுத் திருப்பி அனுப்பினார்கள்.

இதையெல்லாம் அவள் ஒரே நாளில் சொல்லவில்லை. எழுத்துப் பழகிய மாதங்களில், சிலேட்டை விட்டுக் கண்ணெடுக்காமல், துண்டு துண்டாகச் சொன்னாள். சொல்லி முடித்த அன்று ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"இது உங்களோட இருக்கட்டும் டீச்சர்."

இருக்கும் என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

மண்ணச்சநல்லூரில் ஓர் அரிசி ஆலையில் அவளுக்கு வேலை வாங்கிக்கொடுத்ததும் நான்தான். அவித்த நெல்லைக் களத்தில் பரப்பிக் காலால் கிளறிவிடும் வேலை. ஊர் வையம்பட்டி, தாயோடு கோபித்துக்கொண்டு வந்தவள்... அங்கிருந்தவர்களுக்கு அவ்வளவுதான் தெரியும். ஆறு மாதத்தில், ஆலைக்கு மூட்டை ஏற்றும் வண்டிக்காரர் ஒருவர் அவளைப் பெண் கேட்டார். அதைச் சொல்வதற்கென்றே பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்தாள். அவள் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

அடுத்த மாதம் அதே ஊரில் எங்கள் சங்கத்தின் கூட்டம். பெண்களைக் கடத்தும் கும்பலைப் பற்றித் தாய்மார்களை எச்சரிப்பதற்கான கூட்டம். அவளையும் வரச் சொல்லி ஆள் அனுப்பினேன். ஏன் அனுப்பினேன்? நான் பேசுவதை அவள் கேட்கவேண்டும் என்ற ஆசை. வேறென்ன!

சட்டத்தைப் பற்றிப் பேசினேன். யாரும் கேட்கவில்லை. குழந்தைகள் அழுதன, பின்வரிசையில் இருவர் எழுந்து போனார்கள். மேடையில் என் பக்கத்தில் சென்னையிலிருந்து வந்த சங்கத் தலைவி உட்கார்ந்திருந்தார். அவர் கொட்டாவியை மறைத்ததைப் பார்த்தேன்.

அப்போதுதான் சொல்லத் தொடங்கினேன்... "வையம்பட்டியில் ஒரு பெண்" என்று.

பெயரைச் சொல்லவில்லை. பெயரைச் சொல்லவில்லை என்று எத்தனை முறை எனக்கு நானே வாதாடியிருக்கிறேன்! கடலைக் கூடையைச் சொன்னேன். பம்பாயைச் சொன்னேன். கூட்டம் நிமிர்ந்தது, அழுத குழந்தைகளைத் தாய்மார்கள் அடக்கினார்கள். அந்த மௌனம் எனக்கு இனித்தது. இடது கையில் இருந்த சூட்டுத் தழும்பையும் சொன்னேன்.

நடு வரிசையில் ஆலைப் பெண் ஒருத்தி மெல்லத் திரும்பிப் பின்னால் பார்த்தாள். பிறகு அவள் பக்கத்தில் இருந்தவள். பிறகு வரிசை வரிசையாக... கடைசித் தூணருகே மருதாயி முந்தானையை இழுத்துக் கையை மூடிக்கொண்டிருந்தாள்.

நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் நிறுத்தவில்லை. கதை முடிவதற்கு இன்னும் கொஞ்சம் இருந்தது, முடித்தேன். கைதட்டினார்கள். தலைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். தூணருகே யாருமில்லை.

மூன்றாம் நாள் பட்டப்பகலில் அவள் என் வாசலில் வந்து நின்றாள். ஆலையில் வரவேண்டாம் என்றுவிட்டார்களாம். வண்டிக்காரரின் அம்மா வந்து பேச்சை முறித்துவிட்டுப் போய்விட்டாராம். அழவில்லை. என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவும் இல்லை. கொல்லைப்புறத்தில் ஒதுங்க இடம் கொடுத்தால் போதும், வீட்டு வேலையெல்லாம் செய்கிறேன் என்றாள்.

அந்த வாரம்தான் என் மகளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. உள்ளே என் கணவர் செய்தித்தாளை மடிக்கும் ஓசை கேட்டது. அவர் வாய் திறந்து சொல்லவேண்டிய தேவை இல்லை.

"இங்க வேண்டாம்மா. விடுதிக்கே போயிடு. நான் கடிதம் எழுதித் தரேன்" என்றேன்.

கடிதத்துக்காக அவள் நிற்கவில்லை. படியிறங்கும்போது மட்டும் சொன்னாள்.

"உங்ககிட்டதான் டீச்சர் சொன்னேன். வேற யாருகிட்டயும் சொல்லலை."

அவள் விடுதிக்குப் போகவில்லை. இரண்டு வாரம் கழித்து, பெண் பார்க்கும் சடங்கெல்லாம் முடிந்த பிறகுதான், வையம்பட்டிக்குப் போனேன். அவளுடைய தாய் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். நான் யாரென்று சொன்னதும் அவள் கை நின்றது.

"வந்துச்சுங்க. நாலு நாள் இருந்துச்சு. நீங்க பேசினது இங்கயும் வந்துருச்சு. ஊரு வாயை நான் எப்படிங்க மூடுறது? அஞ்சாம் நாள் காலையில ஆளைக் காணோம்."

எங்கே போனாள் என்று கேட்டேன். அந்தத் தாய் மீண்டும் கடலையை உரிக்கத் தொடங்கினாள். நான் எழுந்து போகும்வரை நிமிரவே இல்லை.

போலீஸில் சொன்னேன். விடுதிகளுக்கு எழுதினேன். பம்பாய்க்கும் எழுதினேன். எங்கிருந்தும் அவளைப் பற்றி ஒரு வரி வரவில்லை. திரும்ப அதே இடத்துக்கா? அல்லது காவிரிக்கா? இரண்டில் எது நடந்திருக்கக் கூடாது என்று வேண்டிக்கொள்வது?

அதன்பிறகு நான் வாயடைத்துப் போயிருப்பேன் என்று நினைக்கிறீர்கள், இல்லையா? மறு ஆண்டு லால்குடியில் பேசினேன். ஊர்ப் பெயரை மாற்றி அதே கதையைச் சொன்னேன்... ஏனென்றால் அதைச் சொன்னால்தான் கூட்டம் கேட்டது! தாய்மார்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அந்தப் பேச்சினால் எங்கோ ஒரு பெண் தப்பித்திருக்கலாம். இருக்கலாம்... அதற்கும் மருதாயிக்கும் என்ன சம்பந்தம்?

நீங்கள் என்னை மன்னிக்கவேண்டாம். மன்னிக்கும் உரிமை உங்களிடம் இல்லை. அது இருந்தவளை நான் வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டேன்.

மருதாயி அவளுடைய பெயரல்ல. இந்த முறை அதையாவது மாற்றியிருக்கிறேன். ஆனால் இதையும் அவளைக் கேட்காமல்தான் எழுதியிருக்கிறேன்.