பலகை நிற்பதற்கு முன்

ஓணம் தொடங்கும் அத்தத்தன்று காலை, கரமனைத் தெருவில் வாசல்தோறும் பூக்களம் போட்டுக்கொண்டிருந்தபோது, பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் போனில் நிபந்தனை வைத்தாள்.

“திருவோணத்துக்கு முந்தின நாள், உத்ராடத்தன்னிக்கு வரேம்ப்பா. அதுக்குள்ள அந்தப் பள்ளத்தைத் தாண்டிடு. தாண்டினா கேம் மெஷின் உனக்கு. இல்லேன்னா நான் எடுத்துண்டு போறேன். இங்க ஃபிளாட்ல எல்லாரும் கேக்கறா.”

பணி ஓய்வுக்குப் பிறகு என் மாலைப்பொழுதுகளே அந்த மெஷின்தான். திரையில் ஒரு குட்டித் தவளை. அதை மேடைக்கு மேடை தாவவைத்துக் கரைசேர்க்க வேண்டும். பொத்தானைத் தட்டினால் சின்னத் தாவல், அழுத்திப் பிடித்தால் பெரிய தாவல். இந்த நுணுக்கமெல்லாம் ஆடி மாதக் கர்க்கடக மழையிலேயே கைவந்துவிட்டது. மாட்டிக்கொண்டது ஒரு பலகையிடம். தவளையைச் சுமந்துகொண்டு அது பள்ளத்தின் மேல் வலப்புறம் நகரும், விளிம்பில் ஒரு கணம் நிற்கும், திரும்பிவிடும். அது நிற்கிற கணம் பார்த்துத் தாவினேன். மயிரிழையில் கரை தவறியது. உத்ராடத்துக் காலையிலும் அதே கதைதான். மகளின் ரயில் கொல்லம் தாண்டிவிட்டது என்று செய்தி வந்தது.

பக்கத்தில் உப்பேரி வறுவலுக்கு ஏத்தங்காய் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள்.

“ஏன்னா, அது நிக்கறவரைக்கும் எதுக்குக் காத்துண்டிருக்கேள்?”

“அங்கேதானே கரை கிட்டக்க இருக்கு?”

“கிட்டக்க இருந்து என்ன? வேகம் போயிடறதே. ஓடறச்சயே குதிங்கோ. அதோட வேகமும் சேர்ந்து கொண்டுவிடும்.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“ஆஃபீஸ் விட்டு கிழக்கேகோட்டையிலேர்ந்து பஸ்ல வருவேனே. நம்ம தெரு வளைவுல மெதுவாப் போகும். நிக்கறது அங்கேர்ந்து எத்தனையோ தள்ளி. யாரு திரும்பி நடக்கறது? வண்டி போற பக்கம் பார்த்துண்டே குதிச்சுடுவேன்.”

“புடவையிலயா?”

“டிபன் பாக்ஸோட.”

நானோ, பஸ் முழுதாக நின்று, கண்டக்டர் முறைத்த பிறகே படியில் கால் வைக்கிறவன். இந்த ஊர் பஸ்களுக்குக் கதவு வந்த வருஷத்தைக்கூடக் குறித்து வைத்திருக்கிறேன். அதற்கு முன்பு என் வீட்டுக்காரியே பஸ்ஸிலிருந்து குதித்துக்கொண்டிருந்தது எதிலும் பதிவாகவில்லை.

“பேசிண்டே இருந்தா ரயில் வந்துடும்,” என்றாள்.

பலகை நகர்ந்தது. விளிம்புக்கு வருமுன்பே, பல்லைக் கடித்துக்கொண்டு பொத்தானை அழுத்திப் பிடித்தேன். தவளை பலகையின் ஓட்டத்தையும் சேர்த்துக்கொண்டு பறந்தது. கரையில் விழுந்து, கொஞ்சம் வழுக்கி, நின்றது.

மதியம் ஆட்டோவிலிருந்து இறங்கிய மகள் பெட்டியை வைக்குமுன் திரையைத்தான் பார்த்தாள்.

“தாண்டிட்டயா? நிஜமாவா? எப்படிப்பா?”

“உங்கம்மா பஸ்ஸுலேர்ந்து குதிச்சிருக்கா.”

“அம்மாவா!”

“சரி, போதும்,” என்று மனைவி கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். “மெஷின் இங்கேதானே இருக்கப்போறது? இங்க குடுங்கோ. அடுத்த பள்ளம் எனக்கு.”